பாலக்காட்டில் ஒரு வெளிநாட்டுப் படிப்பு ஆலோசனை நிலையம்

மகளின் முதுகலைப் படிப்பு விஷயமாகக் கொழிஞ்சாம்பாறையிலிருந்து பஸ் ஏறிப் போனோம். பாலக்காடு ஸ்டேடியம் ஸ்டாண்ட் பக்கம், மாடியில் ஒரே அறை. இதற்கு முன் வேறோர் இடத்தில், "பிரிட்டனின் டூரிங் (Turing) உதவித்தொகை வாங்கித் தருகிறோம்" என்று 5,000 ரூபாய் முன்பணம் வாங்கியிருந்தார்கள்.

இங்கிருந்த அம்மா அந்த ரசீதை இரண்டு முறை படித்தார். அப்புறம் அதன் பின்பக்கத்தில் பென்சிலால் வெளியே போகும் ஓர் அம்புக்குறி போட்டு விளக்கினார். பிரிட்டன் 2020 முடிவோடு ஐரோப்பிய ஒன்றியத்தின் மாணவர் பரிமாற்றத் திட்டமான எராஸ்மஸ் பிளஸை விட்டு விலகி, 2021இல் டூரிங் திட்டத்தைத் தொடங்கியது. முதல் ஆண்டுக்குச் சுமார் 11 கோடி பவுண்டு. ஆனால் அது அங்கிருந்து வெளியே போகும் மாணவர்களுக்கான பணம். உள்ளே வருகிறவர்களுக்கு ஒரு பைசா கிடையாது. 2014இல் அதே எராஸ்மஸ் பிளஸுக்கு வெளியே நின்ற சுவிட்சர்லாந்து, வருகிற மாணவர்களுக்கும் தன் கையிலிருந்தே கொடுத்ததாம். எனக்கு அதுதான் நியாயமாகப் படுகிறது.

"ஐரோப்பாவில் முதுகலை படிக்கிறதுக்கான எராஸ்மஸ் முண்டுஸ் உதவித்தொகை பாரு கண்ணு, எந்த நாட்டுப் பிள்ளையும் விண்ணப்பம் போடலாம், மாதம் 1,400 யூரோ, ஏஜென்ட் வேண்டாம்" என்றார். மகள் முகம் அப்போதுதான் தெளிந்தது.

கட்டணம் 300 ரூபாய். சனிக்கிழமை கூட்டம் அதிகம், இரண்டு மணி நேரம் காத்திருந்தோம். பத்து மணிக்கு முன்பே போய்விடுங்கள்.