சிகிரியா பேக்கேஜில் போன 96,000 ரூபாய், இலங்கை போகிறவர்கள் உஷார்

நாகர்கோவில், தக்கலை பக்கமிருந்து குடும்பத்தோடு இலங்கைக்கு, சிகிரியா பாறைக்கோட்டை பார்க்கப் போகத் திட்டம் போடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள். ஊர் திரும்பிய கோபம் இன்னும் ஆறவில்லை. 96,000 ரூபாய் போயிருக்கிறது. பணம் கட்டும் முன் என்னென்ன கவனிக்க வேண்டும் என்பதைக் கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

கடையின் பெயரைப் போடவில்லை. பஸ் டிக்கெட், பாஸ்போர்ட் விண்ணப்பம், வேளாங்கண்ணி வேன் எல்லாம் ஒரே மேசையில் நடக்கிற சின்ன டிராவல்ஸ். திருவனந்தபுரம் டு கொழும்பு விமான டிக்கெட் நாங்களே எடுத்தாயிற்று. கொழும்பில் இறங்கிய பிறகு வேன், ஹோட்டல், நுழைவு டிக்கெட் எல்லாம் சேர்த்து எங்கள் ஐந்து பேருக்கு 96,000 என்றார் கடைக்காரர்.

அம்மாவையும் கூட்டிக்கொண்டு போயிருந்தோம். அம்மா ரிட்டயர்டு டீச்சர். அவர் அம்மாவைப் பார்த்ததும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். “டீச்சர், என்னைத் தெரியல்லியா? உங்க ஸ்கூல்லதான் படிச்சேன். நீங்க அடிச்ச அடியிலதான் இன்னைக்கு நான் ஒரு ஆளா இருக்கேன்.” டீ வந்தது. அம்மாவுக்குச் சீனி இல்லாமல் தனியாக ஒன்று வந்தது. “சிகிரியாவுல ஏற முடியுமா தம்பி?” என்று அம்மா கேட்டதற்கு, “பாதித் தூரம் வேன் போவும் டீச்சர், ஒண்ணும் பயப்படாண்டாம், நான் இருக்கேன்லா” என்றார். அங்கேயே ஜிபேயில் பணம் போனது. ‘நுழைவுக் கட்டணம் உட்பட’ என்று சிகிரியா பாறையிலுள்ள சிங்கப் பாதம் படம் போட்ட வவுச்சர் ஒன்றும் கையில் கிடைத்தது.

சிகிரியா டிக்கெட் கவுண்டரில் அந்த வவுச்சரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இது எங்களுடையது இல்லை என்று கொடுத்துவிட்டார்கள். டிரைவர் மாத்தளைத் தமிழர், நல்ல மனிதர். “அக்கா, எனக்கு வேன் அட்வான்ஸ் மட்டும்தான் வந்துச்சு. டிக்கெட்டப் பத்தி யாரும் சொல்லல” என்றார். கடைக்காரருக்கு போன் போட்டோம். பதறவே இல்லை. “அப்போ பக்கத்துல பிதுரங்கலைக்குப் போங்க அக்கா. அங்கேருந்து பாத்தா சிகிரியா முழுசாத் தெரியும், போட்டோவும் நல்லா வரும்.” பிதுரங்கல நல்ல மலைதான், டிக்கெட்டும் மலிவு. ஆனால் உச்சிக்குப் போக பாறைமேல் கையூன்றி ஏற வேண்டும். சிகிரியாவுக்குப் பணம் வாங்கிவிட்டு எதிர்மலையிலிருந்து எட்டிப் பார்க்கச் சொல்கிறார்!

மறுபடியும் எங்கள் கைக்காசைப் போட்டு டிக்கெட் எடுத்தோம். வேன் பாதித் தூரம் போகும் என்பதும் பச்சைப் பொய். ஏறத்தாழ 1,200 படி, ஒவ்வொன்றும் நடந்தேதான் ஏற வேண்டும். தகப்பனைக் கொன்று ஆட்சியைப் பிடித்த காசியப்பன், சகோதரனுக்குப் பயந்து 5ஆம் நூற்றாண்டில் அந்தப் பாறை உச்சியில் அரண்மனை கட்டினானாம். குடும்பத்துக்குள்ளேயே துரோகம் செய்தவன் கட்டிய இடத்துக்கு இப்படி ஒரு ஆள் மூலம் போய்ச் சேர்ந்திருக்கிறோம். அம்மா கீழே நீர்த்தோட்டத்தின் பக்கம் உட்கார்ந்துகொண்டார். ஓவியங்களையும் சிங்கப் பாதத்தையும் நாங்கள் மட்டும் பார்த்துவிட்டு வந்தோம். பார்த்தோம் என்றுதான் பேர், மனசெல்லாம் கணக்கில் கிடந்தது.

ராத்திரி தம்புள்ளை ஹோட்டலிலும் புக்கிங் இல்லை. ரூமுக்கும் நாங்களே கட்டினோம், வேன் பாக்கியையும் நாங்களே கொடுத்தோம். அங்கே ரூமுக்காகக் காத்திருக்கும்போதுதான் அம்மா மெதுவாகச் சொன்னார்: “நான் ஒரு பிள்ளையையும் அடிச்சதில்லையே மக்கா.”

ஊர் வந்த பிறகு நடந்தது இன்னும் மோசம். முதலில் “கொழும்பு பார்ட்டி என்னையும் ஏமாத்திட்டான் அக்கா.” அப்புறம் “வெள்ளிக்கிழமை போட்டுத் தாறேன்.” அப்புறம், போன வவுச்சருக்கு ‘கேன்சலேஷன் லெட்டர்’ எழுதித் தர வேண்டுமாம்! நேரில் போனால் மேசையிலிருந்த பெண் “சார் திருவனந்தபுரம் போயிருக்காங்க” என்கிறது. அவருடைய புல்லட் வாசலில் நிற்கிறது. 96,000 ரூபாய்க்கு ஒரு ரசீதுகூட இல்லை, வாட்ஸாப்பில் ஒரு கைகூப்பும் படம் வருகிறது. எங்களிடம் பேச முடியாமல் அம்மாவுக்கு போன் போட்டு, “உங்க மக கொஞ்சம் கோவக்காரி டீச்சர், நீங்க சொல்லிப் பாருங்க” என்றாராம். அம்மா போனை வைத்துவிட்டார்.

சரி, விவரமாக எழுதுகிறேன் என்று சொன்னேன், இப்போது பொறுமை இல்லை. சிகிரியா டிக்கெட்டை நீங்களே எடுங்கள். வெளிநாட்டவருக்கு 30 டாலருக்கு மேல், நம்மைப் போன்ற சார்க் நாட்டு பாஸ்போர்ட்டுக்குக் குறைவு, அதனால் பாஸ்போர்ட்டை வேனில் விட்டுவிடாதீர்கள். ஹோட்டலுக்கு நீங்களே போன் செய்து புக்கிங் இருக்கிறதா என்று கேளுங்கள். வேறு பெயரில் இருக்கிற ஜிபே நம்பருக்குப் பணம் போடாதீர்கள், எங்கள் பணம் போனது அவருடைய வீட்டுக்காரி கணக்கில். ஏமாந்துவிட்டால் 1915 நுகர்வோர் உதவி எண். நாகர்கோவில் நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் வரையுள்ள விஷயத்துக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் வைக்க வேண்டும் என்றும் இல்லை. நாங்கள் திங்கட்கிழமை மனு கொடுக்கிறோம். இதே மேசையில் பணம் கட்டி வவுச்சரோடு நிற்கிறவர்கள் யாராவது இருந்தால் எனக்குத் தனியாக எழுதுங்கள், சேர்ந்தே கொடுக்கலாம்.