பக்டீரியாவின் மதிலை எங்கே நிறுத்துவது: கல் அறுக்கும் இடத்திலா, கட்டும் இடத்திலா?

உவர்மலையில் நான் எடுக்கும் உயர்தர உயிரியல் வகுப்பில் கலச்சுவர்ப் பாடம் வந்தால் பிள்ளைகள் கேட்பார்கள்: "சேர், பக்டீரியாவைக் கொல்ல அதன் சுவருக்குக் கல்லே வராமல் செய்வதா, வந்த கல்லைக் கட்டவிடாமல் செய்வதா, எது நல்லது?" மதில் கட்டுவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு வரக்கூடிய நல்ல கேள்விதான்.

கல்லை நிறுத்தும் வழியில் இலக்கு மியூர்-ஏ என்ற நொதியம். பக்டீரியாவின் சுவர்ப் பொருளான பெப்ரிடோகிளைக்கன் தயாரிப்பு கலத்துக்குள்ளே அதிலிருந்துதான் தொடங்குகிறது. பொஸ்போமைசின் என்ற மருந்து அந்த நொதியத்தின் சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தைப் பிடித்தால் பிறகு விடாது. மனிதக் கலத்தில் இந்த நொதியமே இல்லை. தாளில் பார்த்தால் இதைவிட நல்ல இலக்கு கிடையாது. ஆனாலும் மியூர்-ஏ முதல் மியூர்-எஃப் வரையான ஆறு நொதியங்களில் மருந்தாகி நோயாளிக்குப் போய்ச் சேர்ந்த நிரோதி (நொதியத்தைத் தடுக்கும் பொருள்) பொஸ்போமைசின் ஒன்றுதான்.

காரணம் வாசல். மருந்து கலத்துக்குள் புக வேண்டும். ஈ.கோலை பக்டீரியாவில் பொஸ்போமைசின் புகுவது, கிளிசரோல் பொஸ்பேற்றையும் குளுக்கோசு பொஸ்பேற்றையும் உள்ளே எடுக்கும் புரதங்கள் வழியாக. ஒரு விகாரம் வந்து அந்த வாசல் அடைபட்டால் மருந்து வெளியேதான் நிற்கும். காசநோய்க் கிருமிக்கோ இது தொடக்கத்திலிருந்தே பலிக்காது. அதன் மியூர்-ஏயில் சிஸ்டீன் இருக்க வேண்டிய இடத்தில் அஸ்பாட்டிக் அமிலம் இருக்கிறது.

கட்டும் இடத்தில் நிற்பது பெனிசிலின். சங்கிலிகளைக் குறுக்கே பிணைக்கும் நொதியம் கலமென்சவ்வுக்கு வெளிப்புறம் வேலை செய்வதால் அந்த மென்சவ்வைக் கடக்கும் பாடு இல்லை. பெனிசிலினின் நாலணு வளையம் உடைந்து நொதியத்தின் செரீன் என்ற அமினோ அமிலத்தோடு ஒட்டிக்கொள்ளும். அப்புறம் பிணைப்பு நடக்காது. என் தெரிவு இதுதான்.

இதிலும் சிக்கல் பெரிது. பக்டீரியா தயாரிக்கும் பீட்டா-லக்டமேசு என்ற நொதியம் அதே வளையத்தை நீரால் உடைத்துப் போட்டுவிடும். அதற்குக் காவலாக 2015இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற அவிபக்டாமின் வடிவமைப்பு எனக்கு மிகப் பிடிக்கும்: பீட்டா-லக்டமேசோடு ஒட்டுகிறது, விடுபடும்போது தன் வளையத்தைத் திரும்ப மூடிக்கொண்டு இன்னொன்றைப் பிடிக்கப் போகிறது. ஆனால் துத்தநாகத்தை வைத்து வளையத்தை உடைக்கும் என்.டி.எம். வகைப் பீட்டா-லக்டமேசை இது தடுக்காது.

சரி, சிறுநீர்ப்பைத் தொற்று என்றால்? அங்கே என் பதில் மாறும். ஒரே வேளை 3 கிராம் பொஸ்போமைசின், சிறுநீரிலேயே செறிந்து நிற்கும். வாசலை அடைத்த பக்டீரியா அங்கே வேகமாக வளரவும் திணறும்.