சிசேரியன் பை: நைட்டியா சுடிதாரா, துணியா டயப்பரா?

சிசேரியனுக்குத் தேதி குறித்தாகிவிட்டால் மருத்துவமனைக்குப் பை கட்ட நிதானமாக நேரம் கிடைக்கும். கண்டதையும் வாங்கிக் குவிக்கவும் அதே நேரம் கிடைக்கும், அதுதான் சிக்கல். இணையத்தில் சுற்றுகிற பட்டியல்களில் நிறைய சுகப்பிரசவத்தை மனதில் வைத்து எழுதியவை. சிசேரியன் கதை வேறு. அடிவயிற்றில் குறுக்காக ஒரு தையல், கையில் டிரிப் ஊசி, முதல் நாள் சிறுநீர்க் குழாய். குனிந்து பையைத் திறக்கப் போவது நீங்கள் இல்லை; அம்மாவோ மாமியாரோ கணவரோதான். எதை எடுப்பது, எதை விடுவது என்பதை இதை வைத்தே முடிவு செய்துவிடலாம்.

நைட்டியா, சுடிதாரா? போட்டியே இல்லை, நைட்டிதான். குழாய் இருக்கும்வரை பேன்ட் போடவே முடியாது. அதை எடுத்த பிறகும், வயிறு முழுதாக இறங்காத நிலையில் சுடிதார் நாடா நழுவித் தையல் பக்கம் போய் உட்காரும். உள்பாவாடை முடிச்சும் அப்படித்தான். டிஸ்சார்ஜ் அன்று போட்டோவுக்குச் சுடிதார் வேண்டுமென்றால் டாப் மட்டும் உங்கள் இஷ்டம். கீழே இடுப்புக்கு மேல் ஏறி நிற்கிற தளர்வான பலாஸோ போதும்.

உண்மையான போட்டி நைட்டிகளுக்குள்தான். நடுவில் ஜிப் வைத்தது ஒரே இழுப்பில் திறக்கும், ஆனால் ஜிப்பின் உலோக முனை குழந்தையின் கன்னத்தில் உரசும். பட்டன் மென்மையானது, ஊசி குத்திய கையோடு நான்கு பட்டனைக் கழற்றிப் பாருங்கள், அதற்குள் குழந்தை வார்டையே எழுப்பிவிடும். இரண்டு பக்கமும் மடிப்புக்குள் ஜிப் மறைத்த ஃபீடிங் நைட்டி விலை கொஞ்சம் கூட, ஆனால் ஒருக்களித்துப் படுத்தபடியே பால் கொடுக்க அதுதான் வசதி. எதை வாங்கினாலும் கை அகலமாக இருக்கட்டும். இறுக்கமான கை டிரிப் ஊசியில் மாட்டி இழுத்தால் உயிர் போய் உயிர் வரும். ஆபரேஷன் அன்று மருத்துவமனை கவுன்தான், உங்கள் நைட்டிக்கு அதற்கப்புறம்தான் வேலை. அதனால் மூன்று, நான்கு போதும், வீட்டில் துவைத்து அனுப்ப ஆள் இருந்தால்.

அடுத்தது பேட். ஆபரேஷன்தானே, உதிரப்போக்கு இருக்காது என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். குழந்தை எந்த வழியாக வந்தாலும் கர்ப்பப்பை தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும், வாரக்கணக்கில் போகும். நீளமான பேட், பேன்ட் மாதிரி மாட்டுகிற வகை, இரண்டில் எது? முதல் நாள் பேட். உதிரம் எவ்வளவு போகிறது என்று நர்ஸ் அடிக்கடி பார்ப்பார், படுத்தபடியே மாற்றவும் அதுதான் எளிது. நடக்க ஆரம்பித்த பிறகு, ராத்திரிக்குப் பேன்ட் வகை நிம்மதி. ஒரு சின்ன பாக்கெட் எடுத்தால் போதும். உள்ளாடை வழக்கத்தைவிட ஒரு அளவு பெரிதாக, தொப்புள் வரை ஏறுகிற பருத்தியில். இடுப்பில் தாழ்ந்து நிற்கும் வகையின் எலாஸ்டிக் சரியாகத் தையல் மேலேயே வரும்.

வயிற்று பெல்ட்டை முன்கூட்டி வாங்காதீர்கள். ஆபரேஷனுக்குப் பிறகுதான் அளவு தெரியும், வேண்டுமா வேண்டாமா என்பதிலும் டாக்டருக்கு டாக்டர் கருத்து மாறும். அதற்குப் பதில் ஒரு சின்னத் தலையணை. இருமும்போதும் எழுந்து உட்காரும்போதும் வயிற்றோடு அணைத்துக்கொண்டால் தையலுக்குத் தாங்கலாக இருக்கும்.

துணியா டயப்பரா என்பதில் ஒவ்வொரு வீட்டிலும் இரண்டு கட்சி. பாட்டி கட்சிக்குப் பழைய வேட்டித் துணி. துவைத்துத் துவைத்து பஞ்சு மாதிரி ஆன துணிக்கு ஈடு கிடையாது, உண்மைதான். இன்னொரு நல்லதும் உண்டு: குழந்தை சிறுநீர் போனது உடனே தெரியும். ரவுண்ட்ஸ் வரும் டாக்டர் கேட்கிற முதல் கேள்விகளில் அது ஒன்று, ஏனென்றால் பால் போதுகிறதா என்பதற்கு அதுவே அடையாளம். ஆனால் முதல் ஓரிரு நாள் வருகிற மலம் கறுப்பாக, தார் போல ஒட்டும். அதை யார் துவைப்பது, எங்கே காயப்போடுவது? ஏசி அறையில் துணி காயாது. பொது வார்டில் கொடி கட்டினால் திட்டு விழும். என் தீர்ப்பு: பகலில் துணி, இரவில் நியூபார்ன் அளவு டயப்பர். ஈரம் பட்டால் நிறம் மாறும் கோடு உள்ளதாக வாங்கினால் கணக்கும் தவறாது. பெரிய பாக்கெட் வேண்டாம், சீக்கிரம் சிறிதாகிவிடும். எதைக் கட்டினாலும் தொப்புள்கொடிக்குக் கீழே மடித்துவிட வேண்டும்.

இனி இதையெல்லாம் போடும் பை. டிராலி பெட்டி பார்க்க அழகு, விரித்துத் திறக்கக் கட்டிலடியில் இடம் இருக்காது. இரண்டு கட்டைப்பை, அம்மாவுக்கு ஒன்று, குழந்தைக்கு ஒன்று. மூன்றாவதாக ஒரு சின்னக் கவர் மிக முக்கியம்: துவைத்த வெள்ளைத் துணி இரண்டு, துண்டு, தொப்பி. தியேட்டர் கதவு திறந்து நர்ஸ் "குழந்தைக்குத் துணி கொடுங்க" என்று கேட்கும்போது மொத்த குடும்பமும் பையைக் கவிழ்த்துத் தேடும் காட்சியை அது மிச்சப்படுத்தும். வளையும் ஸ்ட்ரா, ஃபிளாஸ்க், வழுக்காத செருப்பு, சார்ஜர் எல்லாம் அம்மா பையின் ஓரத்தில்.

ஆன்லைனில் வரும் ரெடிமேட் கிட்டுக்குப் பணம் கொடுக்குமுன் ஒன்று. தமிழ்நாட்டில் அரசு மருத்துவமனையில் பிரசவம் என்றால், 2015-ல் தொடங்கிய 16 பொருட்கள் கொண்ட பரிசுப் பெட்டகம் இருக்கிறது: துண்டு, உடை, கொசுவலை, சோப்பு, நகவெட்டி, தாய்க்குச் சௌபாக்கிய சுண்டி லேகியம்கூட. இப்போது உங்கள் ஊரில் கொடுக்கிறார்களா என்று கிராம சுகாதார செவிலியரிடம் கேட்டுவிடுங்கள். பெட்டகம் கைக்கு வருவது பிரசவத்துக்கு அப்புறம்தான், அதனால் முதல் நாள் துணிகள் உங்கள் பையில் இருந்தே ஆக வேண்டும். பிக்மி எண் (கர்ப்பத்தை அரசிடம் பதிவு செய்யும்போது கிடைக்கும் எண்) உள்ள அட்டை, ஸ்கேன் ரிப்போர்ட், ஆதார் நகல் உள்ள ஃபைலை மட்டும் எந்தப் பையிலும் போடாமல், கூட வருபவர் கையிலேயே கொடுத்துவிடுங்கள்.