"சேர், உங்கட புரொஸ்டேட் ரிப்போட்!"

இந்த முறை திருகோணமலைப் பயணத்தில் லண்டனிலிருந்து விமானம், கொழும்பிலிருந்து இரவு ரயில், நிலாவெளியில் பிள்ளைகளின் கடல் குளிப்பு எல்லாம் ஒழுங்காக நடந்தன. அவற்றைப் பற்றி எழுத எனக்கு ஒன்றும் இல்லை. எழுத வைத்தது டவுனில் உள்ள ஒரு தனியார் லாப்.

மாமாவுக்கு 71 வயது, ஓய்வுபெற்ற ஆசிரியர். இரவில் சலம் போக அடிக்கடி எழும்புகிறார், போனாலும் முழுதாகப் போன மாதிரி இல்லை என்கிறார். அதற்குக் கொஞ்சம் முன்னர்தான் சலத்தில் கிருமி என்று காய்ச்சலும் வந்து மருந்து எடுத்திருந்தார். யாரோ சொல்லிப் பிஎஸ்ஏ (ஆண்களின் புரொஸ்டேட் சுரப்பி இரத்தத்தில் விடும் ஒரு புரதம்) பார்க்க இரத்தம் கொடுத்துவிட்டு வந்திருந்தார். ரிப்போட் எடுக்கத்தான் நானும் கூடப் போனேன்.

கவுண்டரில் இருந்த பிள்ளைக்கு அருமையான குரல், மைக் தேவையில்லை. "சேர், உங்கட புரொஸ்டேட் கேன்சர் ரிப்போட் வந்திட்டுது, கொஞ்சம் கூடத்தான் காட்டுது, இஞ்சால வாங்கோ!" கதிரைகளில் இருந்தவர்களில் பாதிப்பேர் மாமாவிடம் கணக்குப் படித்தவர்கள். ஒருவர் எழும்பி நின்றே விட்டார். முப்பது வருடம் வகுப்பை ஒரு பார்வையால் அடக்கிய மனிதர், கதவுக்கும் கவுண்டருக்கும் இடையில் எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் நின்றார்.

லண்டனில் இப்படி ஒன்று நடந்திருந்தால் அந்த இடத்திலேயே முறைப்பாட்டுப் படிவம் நிரப்பியிருப்பார்கள். அங்கே பார்மசியில்கூடப் பெயரை மெதுவாகத்தான் கேட்பார்கள், முடிவு நேரே போனுக்கு வந்துவிடும். (டாக்டரைப் பிடிப்பதற்குக் காலை எட்டு மணிக்குப் போன் வரிசையில் கிடந்து சாவது வேறு கதை.) நாங்கள் வீட்டுக்கு வர முன்னமே செய்தி உப்புவெளி வரைக்கும் போய்விட்டது. பின்னேரம் மாதுளம்பழம் வந்தது, நெருஞ்சி அவித்த தண்ணீர் வந்தது, "மகாரகம கேன்சர் ஆஸ்பத்திரிக்கு எப்ப கொண்டு போறீங்கள்?" என்ற கேள்வியும் வந்தது. அன்பாகத்தான் கேட்டார்கள். லண்டனில் பக்கத்து வீட்டுக்காரர் செத்துக் கிடந்தாலும் எனக்குத் தெரிய வராது. ஆனாலும் அந்த இரவு மாமா சாப்பிடவில்லை.

அப்படி எவ்வளவு கூடியிருந்தது என்றால் 5.9. தாளில் 4க்கு மேல் போனால் தடித்த எழுத்தில் அடிக்கும்படி வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். இங்கிலாந்தில் இப்போது வயதுக்கு ஏற்ற அளவு பார்க்கிறார்கள்: ஐம்பதுகளில் 3.5, அறுபதுகளில் 4.5, எழுபதுகளில் 6.5. அதைத் தாண்டினால்தான் அவசரமாக விசேட வைத்தியரிடம் அனுப்புவது பற்றி யோசிப்பார்கள். போதாததற்குச் சலத்தில் கிருமி வந்தாலே பிஎஸ்ஏ ஏறும். அது சுகமாகி ஆறு கிழமையாவது போகவேண்டும் என்பது அங்கே எழுதி வைத்த விதி. வயதோடு சுரப்பி சும்மா வீங்கினாலும் ஏறும். இரத்தம் எடுக்கும்போது மாமாவிடம் இதையெல்லாம் ஒருவரும் கேட்கவில்லை.

சரி, அதோடு விட்டிருந்தால் நானும் விட்டிருப்பேன். அன்று கவுண்டரிலேயே அந்தப் பிள்ளை ஒரு பளபளத்த துண்டுப் பிரசுரத்தையும் நீட்டியது. "இது புது டெஸ்ட் அண்ணா. ஒரு துளி இரத்தத்தில கேன்சர் செல் ஓடுதோ எண்டு பாக்கலாம். ஊசி குத்திச் சதை எடுத்துப் பாக்கிற பயொப்சி தேவையில்லை. வெளிநாட்டுக்கு அனுப்பித்தான் செய்யிறது." விலையைப் பார்த்தேன். மாமாவின் பென்சனில் பல மாதம்.

நான் தென்லண்டனில் ஒரு ஆஸ்பத்திரி இரத்தப் பிரிவில் வேலை செய்கிறவன். "எந்த ரியூப்பில எடுக்கிறீங்கள், தங்கச்சி?" என்று கேட்டேன். "இரத்தம் எடுக்கிற ரியூப்தான்" என்றது.

இரத்தத்தில் இப்படிச் சுற்றித்திரியும் புற்றுநோய்க் கலங்கள் ஒன்றும் புதிய விஷயம் அல்ல. 1869இலேயே அவுஸ்திரேலியாவில் ஆஷ்வொர்த் என்ற வைத்தியர், புற்றுநோயால் இறந்த ஒருவரின் இரத்தத்தில் அவற்றைக் கண்டு எழுதி வைத்தார். கண்டுபிடிப்பதுதான் சிரமம். ஒரு மில்லிலீற்றர் இரத்தத்தில் சுமார் 500 கோடி சிவப்பணுக்கள் இருக்கின்றன. அதற்குள் இந்தக் கலம் ஒன்றோ இரண்டோ இருந்தால் உண்டு. வைக்கோல் போரில் ஊசி தேடுகிறவன் பாக்கியசாலி. அதனால்தான் துளியெல்லாம் போதாது. அமெரிக்காவில் அனுமதி பெற்ற செல்சேர்ச் முறைக்கு 7.5 மில்லிலீற்றர் வேண்டும், அதுவும் கலங்கள் சிதையாமல் காக்கிற மருந்து போட்ட தனி ரியூப்பில். அந்த ரியூப்பில் எடுத்தாலும் 96 மணித்தியாலத்துக்குள் வேலையை முடிக்கவேண்டும். மேற்பரப்பில் ஒரு குறிப்பிட்ட புரதம் உள்ள கலங்களில் நுண்ணிய இரும்புத் துணிக்கைகளை ஒட்டவைத்து, காந்தத்தால் இழுத்து, சாயம் ஏற்றி எண்ணுவார்கள். சாதாரண ரியூப்பில் எடுத்து, திருகோணமலை வெயிலில் ஓட்டோவில் ஏற்றி, கொழும்பு போய், பிறகு விமானத்தில் போனால் அங்கே எதை எண்ணப் போகிறார்கள்?

அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று. புரொஸ்டேட்டுக்கு 2008இல் இந்த முறைக்கு அனுமதி கொடுத்தது நோய் இருக்கிறதா என்று பார்க்க அல்ல. ஏற்கனவே உடலில் பரவிவிட்டவர்களுக்கு, இனி எப்படிப் போகும் என்று கணிக்கத்தான். அந்த வருட ஆய்வில், ஹோர்மோன் சிகிச்சைக்குக் கட்டுப்படாத நோயாளிகளில், கலங்கள் ஐந்துக்குக் குறைவாக இருந்தவர்களின் இடைநிலை ஆயுள் 21.7 மாதம், ஐந்தும் அதற்கு மேலும் இருந்தவர்களுக்கு 11.5 மாதம். 2014இல் இன்னொன்று வந்தது: அந்தக் கலங்களில், ஹோர்மோனைப் பிடிக்கும் புரதத்தில் ஏஆர்-வி7 என்ற மாற்றம் இருந்தவர்களில் ஒருவருக்குக்கூட அபிராட்டரோன், என்சலூட்டமைட் என்ற புரொஸ்டேட் புற்றுநோய்க் குளிசைகளால் பிஎஸ்ஏ போதிய அளவு இறங்கவில்லை. எந்த மருந்தைக் கொடுப்பது என்று மண்டையை உடைக்கிற வைத்தியருக்கு இது பொன்னான தகவல். இரவில் நாலுதரம் எழும்புகிற மாமாவுக்கு இதில் என்ன இருக்கிறது? சுரப்பிக்குள்ளேயே நிற்கிற ஆரம்ப நோயில் இந்தக் கலங்கள் அநேகமாக அகப்படாது. "ஒன்றும் இல்லை" என்று தாள் வந்தால் நோய் இல்லை என்று அர்த்தம் இல்லை. காசையும் கொடுத்து, பொய்யான நிம்மதியையும் வாங்கிக்கொண்டு வரலாம்.

ஆராய்ச்சி நடக்கவில்லை என்று சொல்லவில்லை. லண்டன் குயின் மேரி பல்கலைக்கழகத்தார் 2020இல் பயொப்சிக்கு முன்னர் 98 பேரையும், புதிதாக நோய் தெரிந்த 155 பேரையும் பார்த்து, இந்தக் கலங்களையும் பிஎஸ்ஏயையும் சேர்த்துப் பார்த்தால் வேகமாக வளரும் வகையை நன்றாக முன்கூட்டிச் சொல்லலாம் என்று எழுதினார்கள். ஆனால் இவ்வளவு பேரை வைத்துச் செய்ததை இன்னும் பெரிய கூட்டத்தில் செய்து பார்க்கவேண்டும். அதற்கு முதல் இங்கே கவுண்டரில் விற்கத் தொடங்கிவிட்டார்கள்.

அப்புறம் அரசாங்க ஆஸ்பத்திரி. துண்டு எடுத்து, வாங்கில் இருந்து, மின்விசிறி எந்தப் பக்கம் திரும்புகிறதோ அந்தப் பக்கம் நகர்ந்து... அது உங்களுக்கே தெரியும், ஒன்றும் மாறவில்லை. உள்ளே ஒரு இளம் சிங்கள டாக்டர். தமிழ் தட்டுத்தடுமாறி வந்தது. ஆனால் கதவைச் சாத்திவிட்டுத்தான் கதைக்கத் தொடங்கினார். "ஐயா, முந்தி சலத்தில கிருமி இருந்ததா?" என்பதுதான் அவரது முதல் கேள்வி. விரலால் சோதித்தார், கட்டி எதுவும் படவில்லை என்றார். கிளினிக் கொப்பியின் பின்பக்கத்தில் சுரப்பி வீங்கிச் சலக்குழாயை எப்படி நெரிக்கிறது என்று கீறிக் காட்டினார். ஆறு கிழமை கழித்துத் திரும்ப இரத்தம், அது இறங்காவிட்டால் ஸ்கானும் மற்றதும் யோசிப்போம் என்றார். நான் அந்தத் துண்டுப் பிரசுரத்தை நீட்டினேன். வாசித்துச் சிரித்துவிட்டு, "இது இப்ப வேண்டாம்" என்றார். ஒரு சதமும் செலவில்லை. லண்டனில் இவ்வளவு நேரம் எந்த டாக்டர் எனக்கு ஒதுக்கியிருக்கிறார் என்று யோசித்தேன், முகம் ஒன்றும் வரவில்லை.

நான் திரும்பிய பிறகு மச்சாள் கொப்பியைப் படம் பிடித்து அனுப்பினாள். இரண்டாவது பிஎஸ்ஏ 3.8. சலம் இலகுவாகப் போகக் குளிசை தொடங்கியிருக்கிறார்கள். லாப்பில் கொடுக்க எடுத்து வைத்த காசில் மாமா வீட்டிலிருந்து பின்பக்கக் கக்கூசு வரை லைட் போடுவித்திருக்கிறார். எலெக்ட்ரீசியனும் அவரிடம் படித்தவன்தானாம், கூலி வாங்கவில்லை.