பேரியாட்ரிக் (எடை குறைக்கும்) ஆபரேஷனுக்குப் பிறகு எடை இறங்காமல் நின்றுபோனவர்கள் கவனத்துக்கு: எனக்குப் போனது 34,800 ரூபாய்

நேற்று சாயங்காலம் நாலு மணிக்கு, என்னிடம் பணம் வாங்கிய எடைக் குறைப்பு ஆப்காரர்களின் வாட்ஸ்அப் குரூப்பிலிருந்து என்னை நீக்கிவிட்டார்கள். ஏன் என்று கேட்டு அனுப்பிய மெசேஜ் ஒற்றை டிக்கோடு நிற்கிறது. போன் போட்டால் எடுப்பதில்லை. ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. இந்தக் கோபம் ஆறிப்போனால் எழுத மாட்டேன் என்று தெரியும், அதனால் கடை திறக்கும் முன்னாலேயே எழுதுகிறேன். ஆபரேஷனுக்குப் பிறகு எடை நின்றுபோனால் என்ன செய்வது என்பதையும் கடைசியில் சொல்கிறேன்.

ஈரோட்டில் சின்னதாகத் தையல் கடை வைத்திருக்கிறேன். போன வருஷம் ஸ்லீவ் ஆபரேஷன் செய்துகொண்டேன். வயிற்றில் முக்கால் பங்குக்கு மேல் எடுத்துவிட்டு, வாழைப்பழம் போல ஒரு குழாயை மட்டும் விட்டுவைப்பார்களே, அதுதான். ஆபரேஷன் அன்று 118 கிலோ. அஞ்சு மாசத்தில் 91.4. சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்டார்கள். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவதில்லை. வாழ்க்கை திரும்பக் கிடைத்தது என்றே நினைத்தேன்.

அப்புறம் நின்றுவிட்டது. 91.4, 91.6, 91.2, மறுபடி 91.4. ஏழு வாரம். காலையில் முகம் கழுவும் முன்னால் எடை மெஷினில் ஏறி நிற்பேன், நோட்டில் எழுதுவேன், அன்றைய பொழுது அதோடு கெட்டுவிடும். நாத்தனார் வேறு, "அவ்வளவு காசைக் கொட்டி வயித்தையே வெட்டியும் இவ்வளவுதானா?" என்று விசேஷ வீட்டில் நாலு பேர் முன்னால் கேட்டார். டாக்டரிடம் போக வெட்கமாக இருந்தது. நான் ஏதோ தப்புச் செய்துவிட்டேன், திட்டுவார்கள் என்ற பயம். அந்த வெட்கம்தான் என்னை மாட்டிவிட்டது.

போனில் ஒரு விளம்பரம் வந்தது. எடைக் குறைப்பு ஆப் ஒன்று. "ஆபரேஷனுக்குப் பிறகும் எடை இறங்கவில்லையா?" என்றே போட்டிருந்தார்கள். நம்பரைக் கொடுத்த பத்தாவது நிமிஷம் ஒரு பெண் கூப்பிட்டாள். 40 நிமிஷம் பேசினாள். எடையைப் பற்றிக் கேட்கவே இல்லை. "நைட் எத்தனை மணிக்குத் தூங்குவீங்கக்கா? நாள் பூரா மெஷின்ல உட்காந்தா முதுகு வலிக்குமே, யாராவது தேய்ச்சு விடுவாங்களா?" என்றாள். ஆறு மாசமாக என்னிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. கடைசியில், "உங்க மேல தப்பே இல்லக்கா. உடம்பு பூட்டிக்கிச்சு, அவ்வளவுதான். அதைத் திறந்து விடறது எங்க வேலை" என்றாள். கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு அழுதுவிட்டேன். அந்த இடத்தில்தான் விழுந்தேன். அவள் சொன்ன மருந்தை நான் நம்பவில்லை, அவளை நம்பினேன்.

பதிவுக் கட்டணம் 4,800. ரெண்டு நாள் கழித்து, 12 வார பேக்கேஜுக்கு 30,000. மொத்தம் 34,800 ரூபாய். ஓவர்லாக் மெஷின் வாங்கலாம் என்று சீட்டு எடுத்து வைத்திருந்த பணம். ஜிபேயில் அனுப்பும்போது கம்பெனி பேர் வராமல் யாரோ ஒரு ஆள் பேர் வந்தது. கேட்டேன். "அது எங்க அக்கவுண்ட்ஸ் சார் பேருதாங்க்கா" என்றாள். அனுப்பிவிட்டேன்.

வந்தது ரெண்டு டின் பவுடர், ஒரு டப்பா கேப்சூல், ஒரு டீத்தூள் பாக்கெட். மூணு வேளையும் சாப்பாட்டுக்குப் பதில் பவுடர்தான். அதோடு அவள் சொன்னதுதான் பெரிய கொடுமை: "ஆஸ்பத்திரியில குடுத்த சத்து மாத்திரை எல்லாத்தையும் நிறுத்திருங்கக்கா, அதுதான் வெயிட்டைப் பிடிச்சு வச்சிருக்கு." நிறுத்தினேன். முதல் வாரத்திலேயே ரெண்டு கிலோ இறங்கியது. சந்தோஷத்தில் அவளுக்கு நன்றி சொல்லி வாய்ஸ் மெசேஜ் அனுப்பினேன். அந்த மெசேஜை அவர்கள் குரூப்பில் போட்டு இன்னும் எத்தனை பேரைப் பிடித்தார்களோ, அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

இரண்டாவது வாரம் எடை மறுபடி நின்றது. ராத்திரி நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. சீப்பில் முடி கொத்தாக வந்தது. 16-வது நாள் தையல் மெஷினில் உட்கார்ந்தபடியே கண் இருட்டி, ஊசி விரலில் ஏறிவிட்டது. வீட்டுக்காரர் அப்படியே ஆபரேஷன் செய்த ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்.

அங்கே டயட்டீஷியன் டின்னைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார். ஒரு ஸ்கூப்பில் புரதம் 6 கிராம். மூணு வேளைக்கு 18. "உங்களுக்கு ஒரு நாளைக்குக் குறைஞ்சது 60 கிராம் வேணும்மா" என்றார். சேர்மானப் பட்டியலில் முதலில் இருந்ததே சர்க்கரை. கேப்சூல் டப்பாவில் சேர்மானமே போடவில்லை, லைசென்ஸ் எண்ணும் இல்லை. டாக்டர் அதைத் தொடவே கூடாது என்றார். சிபுட்ரமின் என்ற மருந்தை இதயத்துக்கு ஆபத்து என்று 2011-லேயே நம் நாட்டில் தடை செய்துவிட்டார்கள், ஆனாலும் மூலிகை என்று பேர் போட்டு வரும் சில மெலிவு மாத்திரைகளில் அதைக் கலக்கிறார்கள் என்று எச்சரித்தார். முதல் வாரம் குறைந்த ரெண்டு கிலோ பெரும்பாலும் தண்ணீரும் தசையும்தானாம்.

அப்புறம் டயட்டீஷியன் கேட்டார், "இந்த ஏழு வாரத்துல உங்க பிளவுஸ் லூஸாச்சா?" பதில் சொல்ல வாய் வரவில்லை. ஆகியிருந்தது. அந்த ஏழு வாரத்தில் என் பிளவுஸ்களை நானே ரெண்டு தடவை பிடித்துத் தைத்திருக்கிறேன். இடுப்பில் ரெண்டு இஞ்ச். ஊருக்கெல்லாம் டேப் வைத்து அளவெடுக்கிறவள், என் உடம்புக்கு அந்த எடை மெஷின் சொன்னதை மட்டுமே நம்பியிருக்கிறேன்.

இப்படி நிற்பது கிட்டத்தட்ட எல்லாருக்கும் வருமாம். மூணாவது வாரம் பக்கம் ஒரு தடவை, ஆறாவது மாசம் பக்கம் ஒரு தடவை என்று வருவது சகஜமாம். உடம்பு சின்னதானால் அது எரிக்கும் சக்தியும் குறையும், பழைய வேகத்தில் இறங்காது. ஒரு வருஷம், ஒன்றரை வருஷம் வரைக்கும்கூட இறங்குமாம். என் விஷயத்தில் இன்னொன்றும் இருந்தது. கடையில் டீயோடு வர்க்கி. அப்படி நொறுங்கிக் கரையும் பண்டம் குழாய் வயிற்றில் தங்காமல் இறங்கிவிடும், நிறைந்த மாதிரியே தெரியாது. அதைக் கண்டுபிடிக்க அவருக்கு கால் மணி நேரம் ஆனது. ரிவியூ பீஸ் 500 ரூபாய். நான் கொடுத்துவிட்டு வந்தது 34,800.

பணத்தைத் திருப்பிக் கேட்டதும் அந்த 'அக்கா' எல்லாம் போய்விட்டது. முதலில், "டீடாக்ஸ் ஆகுதுக்கா, இன்னும் 21 நாள் பாருங்க." அடுத்து, "கோச் மாறிட்டாங்க, புது மேடம் கூப்பிடுவாங்க." புது மேடம், "நீங்க டீயை ஒழுங்கா குடிச்சிருக்க மாட்டீங்க" என்றார். அப்புறம் ஒரு டிக்கெட் நம்பர். 48 மணி நேரம் என்றார்கள், எட்டு நாள் ஆனது. ஆஸ்பத்திரிச் சீட்டை போட்டோ எடுத்து அனுப்பினேன். "கன்சல்டேஷன் பீஸ் நான்-ரீஃபண்டபிள் மேடம்" (திருப்பித் தர மாட்டார்களாம்) என்று ஒரு வரி, கீழே ஒரு கைகூப்பிய பொம்மை. மயங்கி விழுந்தேன் என்று சொன்னவளுக்குக் கைகூப்பிய பொம்மை! நேற்று குரூப்பில் மற்றவர்களுக்கு, "மாத்திரையை நிறுத்தாதீர்கள்" என்று எழுதினேன். ரெண்டு நிமிஷத்தில் நீக்கிவிட்டார்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிவு செய்துவிட்டேன், எண் வந்திருக்கிறது. அதில் தீரவில்லை என்றால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். நாம் கொடுத்த பணம் அஞ்சு லட்சம் வரைக்கும் என்றால் அங்கே கட்டணம் கிடையாது, ரெண்டு வருஷத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும். உடல் பருமனைக் குணமாக்குவதாக மருந்து விளம்பரம் செய்வதையே 1954-ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்று தடை செய்கிறது. இவர்களோ தினமும் நம் போனுக்குள் வந்து கூவுகிறார்கள்.

எடை நின்றால் என்ன செய்வது என்று சொல்கிறேன் என்றேன், ஒரு அம்மா துணியோடு வந்து வாசலில் நிற்கிறார். அவசரமாகச் சொல்லிவிடுகிறேன். வைட்டமின் பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி மாத்திரைகளை யார் சொன்னாலும் நிறுத்தாதீர்கள், உங்கள் டாக்டர் சொன்னால் தவிர. எடை நின்றால் முதலில் ஆபரேஷன் செய்த இடத்துக்கே போங்கள், திட்ட மாட்டார்கள். தட்டில் முதலில் முட்டையோ மீனோ பயறோ, அப்புறம்தான் மற்றது. எடை மெஷினில் வாரம் ஒரு தடவை ஏறினால் போதும், டேப்பாலும் அளந்து எழுதுங்கள். தனி ஆள் பேருக்குப் பணம் அனுப்பாதீர்கள். அனுப்பி ஏமாந்துவிட்டால் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930-க்கு போன் அடியுங்கள், நான் தாமதித்துவிட்டேன். விடாமல் வாந்தி, கண் இருட்டல், படபடப்பு என்றால் எந்த கோச்சுக்கும் மெசேஜ் போட்டுக்கொண்டிருக்காதீர்கள், நேராக ஆஸ்பத்திரி.

அந்த குரூப்பில் இன்னும் 200 பேருக்கு மேல் இருக்கிறார்கள். அதில் யாராவது இதைப் படித்தால், இன்றைக்கு ராத்திரி அந்த கேப்சூலைப் போடாதீர்கள், தயவுசெய்து.