வெளிநாட்டில் வேலை, மதுரையில் ஓட்டு: எந்த வழி தேறும்?

மேலூர், திருமங்கலம் பக்கம் தெருவுக்கு நாலு பேர் வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ இருப்பார்கள். தேர்தல் தேதி அறிவித்ததும் அவர்களிடமிருந்து வருகிற கேள்வி ஒன்றுதான்: “பழைய வாக்காளர் அட்டை இருக்கே, லீவுல வந்து போட்டுட்டுப் போயிரலாமா, இல்ல புதுசா எழுதிக் கொடுக்கணுமா?”

பழைய அட்டையோடு வருவது சுலபம்தான். பூத்தில் யாரும் விசா கேட்கப் போவதில்லை. ஆனால் சாதாரண வாக்காளர் பட்டியல் அந்த முகவரியில் வழக்கமாகக் குடியிருப்பவருக்கானது. வருடக்கணக்கில் வெளியே இருப்பவரின் பெயரைத் திருத்தத்தின்போது நீக்கிவிடலாம். அது தெரியாமலே டிக்கெட் போட்டு வந்து நிற்பவர்கள் உண்டு.

இன்னொரு வழி படிவம் 6ஏ, அதாவது வெளிநாடு வாழ் இந்தியர் வாக்காளராகப் பதிய எழுதிக் கொடுக்கும் விண்ணப்பம். 2010-இல் சட்டத்தைத் திருத்தி, 2011 முதல் நடைமுறையில் இருக்கிறது. இந்திய பாஸ்போர்ட் வைத்திருந்து, வேறு நாட்டுக் குடியுரிமை வாங்காதவர் ஆன்லைனிலேயே விண்ணப்பிக்கலாம், கட்டணம் இல்லை. பாஸ்போர்ட்டில் உள்ள இந்திய முகவரி எந்தத் தொகுதியோ அங்கேதான் பெயர் ஏறும். மதுரை கே.கே.நகரில் வீடு இருந்தும் பாஸ்போர்ட்டில் சென்னை வாடகை வீட்டு முகவரி இருந்தால் ஓட்டும் சென்னையில்தான். வாக்குச்சாவடி அலுவலர் பாஸ்போர்ட்டில் உள்ள அந்த முகவரிக்கே வந்து விசாரிப்பார், ஆகவே வீட்டில் இருக்கும் அப்பா அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லி வைப்பது நல்லது. பழைய அட்டை இருந்தால் ஒப்படைக்க வேண்டும். என்னைக் கேட்டால் இதுதான் சரியான வழி. அலைச்சல் ஒருமுறை, பயம் இல்லை.

ஆனால் இரண்டு வழியிலும் ஆள் நேரில் வந்தாக வேண்டும். அங்கேதான் எல்லாம் தட்டுகிறது. 2024 மக்களவைத் தேர்தலில் நாடு முழுக்க வெளிநாடு வாழ் வாக்காளராகப் பதிந்தவர்கள் சுமார் 1.19 லட்சம். வந்து போட்டவர்கள் மூவாயிரத்துக்கும் கீழே, அதிலும் பெரும்பாலானோர் கேரளக்காரர்கள். அந்த வருடம் நமக்கு நாள் கூடி வந்தது: ஏப்ரல் 19 வாக்குப்பதிவு, 21 மீனாட்சி திருக்கல்யாணம், 23 அழகர் ஆற்றில் இறங்கியது. திருவிழாவுக்கு லீவு போட்டவர் ஓட்டையும் போட்டுவிட்டுப் போயிருக்கலாம். எல்லாத் தேர்தலும் சித்திரையில் வராதே! தேதி தெரிவது ஏறத்தாழ ஒரு மாதத்துக்கு முன்னால். கம்பெனி லீவும் டிக்கெட் விலையும் அதற்கு வெகு முன்பே முடிவாகிவிடுகின்றன.

அமெரிக்கக் குடியுரிமை வாங்கி, இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டை வைத்திருப்பவருக்கு இந்தப் பேச்சே இல்லை. இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. ஓசிஐ அட்டையால் ஊருக்கு வரலாம், தங்கலாம், ஓட்டுப் போட முடியாது. அதே ஆள் ஓய்வுபெற்று மதுரை அண்ணாநகரில் குடியேறினாலும், விண்ணப்பித்திருந்தால் அமெரிக்கத் தேர்தலுக்கு 45 நாள் முன்பே வாக்குச்சீட்டு மின்னஞ்சலில் வந்துவிடும். லண்டனில் இருக்கும் நம்மாள் கதை இன்னும் வேடிக்கை. காமன்வெல்த் குடிமகன் என்ற கணக்கில், சட்டப்படி அங்கே வசிக்கிற இந்தியர் பிரிட்டிஷ் நாடாளுமன்றத் தேர்தலில் ஓட்டுப் போடலாம். மதுரை எம்.பி.யைத் தேர்ந்தெடுக்க மட்டும் விமானம் ஏற வேண்டும். சிங்கப்பூரில் பி.ஆர். (நிரந்தரமாகத் தங்கும் உரிமை) வாங்கியவருக்கு அங்கே ஓட்டுக் கிடையாது, இங்கே 6ஏ மட்டுமே.

சரி, வராமல் போட என்ன வழி? பல வருடமாகப் பேசப்படுபவை மூன்று.

தூதரகத்தில் பூத் வைப்பது கேட்க நன்றாக இருக்கும். துபாய் நகரில் அலுவலகத்தில் இருப்பவருக்குச் சரி. சவூதியில் பாலைவனத்துக்குள் கேம்ப்பில் இருக்கும் வெல்டர், ரியாத்துக்கோ ஜித்தாவுக்கோ போய் வர ஒரு நாள் கூலியை விட வேண்டும்.

அடுத்தது பதிலி வாக்கு, அதாவது உங்கள் ஓட்டை ஊரில் நீங்கள் நியமித்த இன்னொருவர் போடுவது. இதற்கான மசோதா 2018-இல் மக்களவையில் நிறைவேறியது. மாநிலங்களவையைத் தாண்டாமல் அடுத்த ஆண்டு காலாவதியானது. ராணுவத்தினருக்கு இது ஏற்கெனவே உண்டு. பதிலியாக வருபவருக்கு இடது கை நடுவிரலில் மை வைப்பார்கள், அவருடைய சொந்த ஓட்டுக்கு ஆள்காட்டி விரல். எனக்கு இந்த யோசனை பிடிக்கவே இல்லை. 2009 இடைத்தேர்தலுக்குப் பிறகு ஓட்டுக்குப் பணம் கொடுப்பதை ‘திருமங்கலம் ஃபார்முலா’ என்று நாடே பேசிய மாவட்டம் இது. வீட்டில் எத்தனை ஓட்டு என்று எண்ணிக் கவர் கொடுக்கிற இடத்தில், கத்தாரில் இருக்கும் தம்பியின் ஓட்டும் அந்தக் கணக்கில் சேர்ந்துவிடும். தம்பி யாருக்குப் போடச் சொன்னான், அண்ணன் யாருக்குப் போட்டார் என்பது கடைசிவரை தெரியாது. காசே கைமாறாத வீட்டிலும் பதிலி பெரும்பாலும் அப்பாவாகத்தான் இருப்பார். நர்ஸாகப் போன மகளுக்கு வேறு கட்சி பிடித்திருந்தால் அதை அவரிடம் சொல்லவா முடியும்?

மூன்றாவது மின்னணு அஞ்சல் வாக்கு. வாக்குச்சீட்டு ஆன்லைனில் வரும். அச்செடுத்து, குறியிட்டு, அஞ்சலில் திருப்பி அனுப்ப வேண்டும். படையினருக்கு 2016 முதல் நடக்கிறது. வெளிநாடு வாழ்வோருக்கும் தரத் தயார் என்று 2020-இல் தேர்தல் ஆணையம் சட்ட அமைச்சகத்துக்கு எழுதியது. ஆறு பேர் தங்கும் அறையில் ரகசியமாகக் குறியிடுவது சிரமம், பிரிண்டர் தேட வேண்டும், உறுதிமொழியில் சான்றொப்பம் வேண்டும், தபாலும் நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டும். இருந்தாலும் என் ஓட்டு இதற்குத்தான். குறியிடுகிற கை வாக்காளருடையதாகவே இருக்கிறது. 85 வயதைத் தாண்டிய பாட்டி வீட்டுக்கே அதிகாரிகள் போய் ஓட்டு வாங்குகிற காலத்தில், இதைச் செய்ய முடியாது என்பதை நான் நம்பவில்லை.

அது வரும்வரை 6ஏ-வில் பதிந்துவிட்டு வருகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: உங்களுக்குத் தனியாக வாக்காளர் அட்டை தர மாட்டார்கள், பூத்தில் அசல் பாஸ்போர்ட்டைத்தான் காட்ட வேண்டும். ஜெராக்ஸ், மொபைலில் எடுத்த படம் எதுவும் செல்லாது. பெயரைத் தேடும்போது பட்டியலின் கடைசிப் பக்கத்தைப் பாருங்கள், வெளிநாட்டு வாக்காளர்களைத் தனியாக அங்கேதான் சேர்த்திருப்பார்கள்.