அழிந்த படத்தின் சிறுபடம்: கேஷ் கோப்புகளோடு ஆறு வருடங்கள்

டிஜிட்டல் தடயவியல் வேலையில் எனக்கு அதிகம் கைகொடுத்தது எது என்று கேட்டால், படம் பார்க்கும் மென்பொருள்கள் தங்கள் வேகத்துக்காக ஓரமாகச் சேர்த்து வைக்கும் கேஷ் கோப்புகளைத்தான் சொல்வேன். மூலப் படத்தை அழித்தவருக்குப் பெரும்பாலும் இவற்றின் நினைவே வருவதில்லை. ஆறு வருடமாக இந்தக் கோப்புகளையும் இவற்றைத் திறக்கும் கருவிகளையும் புழங்கி வருகிறேன். ஆரம்பத்தில் படம் வெளியே வந்தாலே வேலை முடிந்தது என்று நினைத்தேன். இப்போது படம் வந்த பிறகுதான் வேலையே தொடங்குகிறது. அது எந்தக் கோப்பின் சிறுபடம் (தம்ப்நெயில்), எந்த ஃபோல்டரில் இருந்தது, எப்போது இருந்தது என்று சொல்ல இன்னொரு டேட்டாபேஸ் கிடைத்தாக வேண்டும்.

விண்டோஸிலிருந்து தொடங்குகிறேன். எக்ஸ்பி காலத்தில் ஒவ்வொரு ஃபோல்டருக்குள்ளும் தம்ப்ஸ்.டிபி என்று ஒரு மறைகோப்பு உட்கார்ந்திருக்கும். விஸ்டாவிலிருந்து எல்லாம் பயனர் கணக்குக்குள் ஒரே இடத்துக்கு வந்துவிட்டது. தம்ப்கேஷ்_96, தம்ப்கேஷ்_256 என்று அளவுக்கு ஒரு கோப்பு. இலவசமாகக் கிடைக்கும் தம்ப்கேஷ் வியூவரில் இவற்றைத் திறந்தால் சிறுபடங்கள் வரிசையாக வந்துவிடும். மூலக் கோப்பை நீக்கினாலும் சிறுபடம் அங்கேயே தங்கியிருக்கும். ஆனால் கோப்பின் பெயர் இருக்காது, 16 இலக்க ஹெக்ஸ் எண் (0 முதல் 9, a முதல் f வரை கொண்டு எழுதும் எண்) ஒன்றுதான் இருக்கும். அந்த எண்ணைப் பெயரோடும் பாதையோடும் இணைப்பது விண்டோஸ் தேடலின் இன்டெக்ஸ். விண்டோஸ் 10 வரை அது விண்டோஸ்.இடிபி, 11-இல் எஸ்க்யூலைட் (ஒரே கோப்பில் அடங்கும் டேட்டாபேஸ் வகை) கோப்பாகிவிட்டது.

ஒருமுறை, இப்படி ஒரு படம் என் கணினியில் இருந்ததே இல்லை என்று ஒருவர் உறுதியாகச் சொன்னார். 256 கேஷில் அந்தப் படம் தெளிவாக இருந்தது. இன்டெக்ஸில் அந்த எண்ணைத் தேடினால் ஒன்றும் இல்லை. கோப்பை நீக்கும்போது இன்டெக்ஸும் தன் வரிசையை நீக்கிவிடும், அதனால் இது எதிர்பார்த்ததுதான். அப்புறம் அதே டிஸ்க்கில் இருந்த பழைய ஷேடோ காப்பிக்குள் (டிஸ்க்கின் முந்தைய நிலையை விண்டோஸ் சேமித்து வைத்த பிரதிக்குள்) போய் முந்தைய விண்டோஸ்.இடிபியை எடுத்துப் பார்த்தேன். எண் இருந்தது, பக்கத்திலேயே முழுப் பாதையும் கோப்பின் பெயரும் இருந்தன. அறிக்கையில் அதோடு இன்னொரு வரியும் சேர்த்தேன்: அந்தப் படம் இந்தக் கணினியில் இருந்தது என்பதைச் சிறுபடமும் இந்தப் பாதையும் சேர்ந்து காட்டுகின்றன, யாராவது அதைத் திறந்து பார்த்தார்கள் என்பதை அவை காட்டாது. ஃபோல்டரைச் சிறுபட வடிவில் திறந்தாலே கேஷில் பதிவாகிவிடும். இந்த வரியை எழுதாமல் விடுவது ஒருவருக்குச் செய்யும் அநியாயம் என்றே நினைக்கிறேன்.

இவை எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது, படங்களைத் திருத்தவும் அடுக்கி வைக்கவும் பயன்படும் லைட்ரூம் கிளாசிக்கின் பிரிவியூக்கள் (முன்னோட்டப் படங்கள்). கேட்டலாக் (படங்களின் விவரங்களையும் திருத்தங்களையும் வைத்திருக்கும் டேட்டாபேஸ்) இருக்கும் இடத்திலேயே 'பிரிவியூஸ்.எல்ஆர்டேட்டா' என்ற ஃபோல்டர் இருக்கும். அதற்குள் ஹெக்ஸ் எழுத்துகளில் துணை ஃபோல்டர்கள், அவற்றுக்குள் எல்ஆர்பிரெவ் கோப்புகள். ஒன்றை ஹெக்ஸ் எடிட்டரில் (கோப்பின் பைட்டுகளை அப்படியே காட்டும் கருவியில்) திறந்து பாருங்கள். முதல் நான்கு எழுத்துகள் 'ஏஜிஹெச்ஜி'. அதைத் தொடர்ந்து கண்ணால் படிக்கக்கூடிய ஒரு பகுதி வரும். ஒவ்வொரு அடுக்கின் அகலமும் உயரமும் அதில் எழுதியிருக்கும். பிறகு அதே நான்கு எழுத்துகள் மறுபடி மறுபடி வரும், ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு ஜேபெக். சிறியதில் தொடங்கிப் பெரியதுவரை ஒரே படம் பல அளவுகளில் அடுக்கி வைத்திருக்கும். பெரிய அடுக்கை மட்டும் வெட்டியெடுக்கச் சின்னதாக ஒரு பைத்தான் ஸ்கிரிப்ட் எழுதி வைத்திருக்கிறேன். அதையே இன்றுவரை பயன்படுத்துகிறேன்.

வேறு எந்த கேஷிலும் இவ்வளவு பெரிய படம் எனக்குக் கிடைத்ததில்லை. ஸ்டாண்டர்ட் பிரிவியூ திரையின் அளவுக்கு இருக்கும். ஒன்றுக்கு ஒன்று பிரிவியூ இருந்தால் முழு அளவே கிடைக்கும், ஆனால் அதை 30 நாட்களுக்குப் பிறகு தூக்கிவிடுவதுதான் இயல்பான அமைப்பு. ஸ்மார்ட் பிரிவியூ தனி ஃபோல்டரில் டிஎன்ஜி என்ற பட வடிவில் இருக்கும், நீளமான பக்கம் 2560 பிக்சல். பெயரும் பாதையும் வேண்டுமென்றால் அந்த ஃபோல்டரிலேயே இருக்கும் பிரிவியூஸ்.டிபியைத் திறக்க வேண்டும். அதில் ஒவ்வொரு பிரிவியூவுக்கும் ஒரு பட எண் இருக்கும். அதே எண்ணை கேட்டலாக்கில் தேடினால் கோப்பின் பெயர், ஃபோல்டர், எடுத்த நேரம் எல்லாம் வந்துவிடும். கேட்டலாக்கிலிருந்தே படத்தை நீக்கியிருந்தால் ஜிப் வடிவில் இருக்கும் பழைய பேக்கப் கேட்டலாக்குகளைத் தேடிப் பார்ப்பேன். பலமுறை அங்கே கிடைத்திருக்கிறது.

ஒன்றை மறந்துவிடக் கூடாது. லைட்ரூம் பிரிவியூ கேமரா எடுத்த படம் அல்ல, திருத்திய பிறகு தெரிந்த படம். ஓரத்தை வெட்டியிருந்தால் வெட்டிய படமே வரும், கறுப்பு வெள்ளையாக்கியிருந்தால் கறுப்பு வெள்ளைதான். வெட்டிய ஓரத்தில் யார் நின்றார்கள் என்பதை இதை வைத்துச் சொல்லவே முடியாது. மீட்ட படத்தோடு கேட்டலாக்கில் உள்ள திருத்த விவரங்களையும் சேர்த்தே கொடுப்பது என் வழக்கம்.

முதல் வருடத்தில் செய்த ஒரு தவறையும் சொல்லிவிடுகிறேன். ஒரு கேட்டலாக்கின் பிரதியை எஸ்க்யூலைட் பார்க்கும் சாதாரண மென்பொருளில் திறந்து, பார்த்துவிட்டு மூடினேன். பக்கத்தில் இருந்த டபிள்யூஏஎல் கோப்பு காணாமல் போயிருந்தது. கடைசியாக நடந்த மாற்றங்கள் அதில்தான் இருக்கும். மூடும்போது அவை முதன்மைக் கோப்போடு கலந்து, மேலெழுதப்பட்ட பக்கங்களின் பழைய நிலை போய்விட்டது. டிஸ்க்கின் இமேஜ் (முழு நகல்) இருந்ததால் புதுப் பிரதி எடுத்து மறுபடி தொடங்க முடிந்தது, ஒரு நாள் வேலை வீணானதோடு சரி. அன்றிலிருந்து டபிள்யூஏஎல் கோப்பைத் தனியாக எடுத்து, ஹேஷ் (கோப்பு மாறவில்லை என்று சரிபார்க்க உதவும், அதன் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட எண்) பார்த்து வைத்த பிறகே எதையும் திறக்கிறேன்.

அழிந்த கோப்புகளை மீட்கும் ஃபோட்டோரெக்கைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். நல்ல கருவி, அதற்குத் தெரிந்தது ஒரு வேலை: கோப்பு வடிவத்தின் அடையாளத்தைப் பிடித்து வெட்டியெடுப்பது. கோப்பு முறைமையை அது நம்புவதில்லை, அதனால் பெயரும் தருவதில்லை. 'எஃப்' என்ற எழுத்தும் செக்டர் (டிஸ்க்கின் சிறு பகுதி) எண்ணும் சேர்ந்ததுதான் அது வைக்கும் பெயர். அந்த எண்ணைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். கிளஸ்டராக (கோப்பு முறைமை இடம் ஒதுக்கும் அலகாக) மாற்றி, ஸ்லூத் கிட் என்ற தடயவியல் கருவித் தொகுப்பின் ஐஃபைண்டிடம் கொடுத்தால் அந்த இடம் இப்போது எந்தக் கோப்புக்குச் சொந்தம் என்று சொல்லிவிடும். அனாதையாக வந்த ஜேபெக் ஒன்று தம்ப்கேஷ்_256-க்குள் இருந்தது என்று அப்படித்தான் ஒருமுறை கண்டுபிடித்தேன்.

லினக்ஸ் கணினி வந்தால் எனக்கு நிம்மதி. கேஷ் ஃபோல்டரில் உள்ள ஒவ்வொரு பிஎன்ஜி சிறுபடத்துக்குள்ளேயே மூலக் கோப்பின் முழுப் பாதையும் கடைசியாக மாற்றிய நேரமும் எழுதியிருக்கும். சிறுபடத்தின் பெயரோ, அந்தப் பாதையை 'file://' என்று தொடங்கும் முகவரியாக எழுதினால் வரும் எம்டி5 (ஒரு வகை ஹேஷ்). இன்ன இடத்தில் இன்ன பெயரில் ஒரு படம் இருந்ததா என்று கேட்டால், அந்த முகவரிக்கு எம்டி5 போட்டு அந்தப் பெயரில் சிறுபடம் இருக்கிறதா என்று பார்த்தால் போதும். ஆண்ட்ராய்டு செயலிகளின் கேஷ் இதற்கு நேரெதிர். படங்கள் ஏராளமாகக் கிடைக்கும், பெயர்கள் எல்லாம் ஹேஷ். எந்தப் படம் எங்கிருந்து வந்தது என்று சொல்லத் துணை எதுவும் பெரும்பாலும் இருக்காது. அவற்றை அறிக்கையில் சேர்ப்பேன், ஆனால் அவற்றை மட்டும் வைத்து எந்த முடிவும் எழுத மாட்டேன்.

எஸ்எஸ்டிகள் வந்த பிறகு காலி இடத்தில் வெட்டியெடுக்கும் வேலை மெலிந்துவிட்டது. அழித்த கோப்பின் இடத்தை டிரிம் (இந்த இடம் இனி தேவையில்லை என்று எஸ்எஸ்டிக்குச் சொல்லும் கட்டளை) சீக்கிரமே துடைத்துவிடுகிறது. அதனால் இப்போதெல்லாம் இமேஜ் எடுத்து ஹேஷ் சரிபார்த்த கையோடு, உயிரோடு இருக்கும் கேஷ் கோப்புகளையும் அவற்றோடு வரும் டேட்டாபேஸ்களையும்தான் முதலில் திறக்கிறேன். ஃபோட்டோரெக்கை இரவில் ஓடவிட்டுப் போய், காலையில் வந்து பார்த்துக்கொள்கிறேன்.